கொடுங்கையூரின் கோல் கணக்கு

கோப்பையைக் கல்லூரி அலமாரி வைத்துக்கொள்ளும். பையன் கையில் தங்குவது ஒரு தாள். வடசென்னைக் கால்பந்தின் ஒவ்வொரு சாம்பியன் பருவமும் அந்தத் தாளை நோக்கித்தான் ஓடுகிறது.

மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர்கள் இணைக்க வேண்டிய சான்றிதழ்ப் படிவங்கள் நான்கு. இந்தியாவுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, கையெழுத்திடுபவர் தேசிய சம்மேளனத்தின் செயலாளர். மாநிலத்துக்காக ஆடியிருந்தால் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் படிவம் 3. தேசியப் பள்ளிப் போட்டிகளில் மாநில அணிக்காக ஆடியிருந்தால் படிவம் 4. கொடுங்கையூர், வியாசர்பாடி, எருக்கஞ்சேரி பக்கம் பந்து உதைக்கும் பையன்களுக்கு இந்த வரிசையை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணன் ஃபார்ம் த்ரீ வாங்கிட்டாரு" என்று ஒருவன் சொன்னால், அந்த அண்ணன் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது மற்றவர்களுக்குப் புரிந்துவிடும்.

நான்கில் மூன்றாவதன் மேல் ஏன் அத்தனை கண்? இந்திய அணியில் இடம் என்பது லட்சத்தில் ஒருவருக்கு. தமிழ்நாட்டு அணிக்கு வருடத்துக்கு ஒரு முறை தேர்வு, அதில் இருபது பேரைச் சுற்றித்தான் இடம். பள்ளிப் படிவம் தரவரிசையில் கடைசி. பல்கலைக்கழகங்களோ தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி உண்டு. பிளஸ் டூ முடித்து, ஏதோ ஒரு கல்லூரிக்குள் நுழைந்து, அங்கிருந்து பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்துவிட்டால், ரயில்வேயோ வங்கியோ போலீஸோ கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கும். அதற்குள்ளேயே இன்னொரு லாபமும் உண்டு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவனாகத்தான் இருப்பான்.

கல்லூரிக் கால்பந்தின் வருடம் கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வடசென்னை முழுக்க ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட்டுகள் நடக்கும். அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி ஒன்று, இறந்துபோன நண்பனின் பெயரில் நினைவுச் சுழற்கோப்பை ஒன்று, தெருப் பெரியவர்கள் சேர்ந்து நடத்துவது ஒன்று. பந்தல், மைக் செட், வர்ணனை எல்லாம் இருக்கும். ஆட்டத்துக்கு நடுவே வர்ணனையாளர் யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பார். கூட்டத்தில் ஓரமாகத் தொப்பி வைத்த ஒரு ஆள் நின்றால், அவர் ஏதோ ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநராக இருக்கக்கூடும். 'பி.டி. சார் வந்திருக்காரு' என்ற செய்தி மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக அரை நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகு பாருங்கள், பாஸே கொடுக்காதவன்கூடப் பாஸ் கொடுப்பான்.

ஜூனில் சேர்க்கை. கல்லூரிகள் டிரையல்ஸ் வைக்கும். எடுக்கப்பட்டவனுக்குக் கட்டணச் சலுகை, வெளியூர்ப் பையன் என்றால் விடுதியும் சாப்பாடும். பொறியியலுக்குப் போக நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென்றே 500 இடங்கள் உண்டு, அவற்றுக்கு எல்லா விளையாட்டுக்காரர்களும் போட்டி போட வேண்டும். பிறகு கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகள், லயோலாவின் பெர்ட்ராம் போன்ற நினைவுப் போட்டிகள், பல்கலைக்கழக அணித் தேர்வு, முகாம், தென் மண்டலப் போட்டி. மண்டலத்தில் முன்னணிக்கு வரும் அணிகள் அகில இந்திய அளவில் மோதும். அங்கே ஜெயித்தால் கிடைப்பது சர் அசுதோஷ் முகர்ஜி பெயரிலான கோப்பை. தென் மண்டலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு, ஏனென்றால் கேரளப் பல்கலைக்கழகங்களும் அதே மண்டலத்தில்தான் இருக்கின்றன. காலிகட் பல்கலைக்கழகம் அகில இந்தியப் பட்டத்தையே பலமுறை தூக்கிக்கொண்டு போன அணி. மலபாரில் கல்லூரி ஆட்டத்துக்கு ஊரே திரளும். சென்னையில் ஒரு கல்லூரி இறுதிப்போட்டி நடந்தால் அடுத்த கட்டடத்தில் இருக்கும் மாணவனுக்கே தெரியாது.

அமெரிக்காவில் 'காலேஜ் ஃபுட்பால்' என்றால் அது வேறு ஆட்டம், கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்று பல வருடங்கள் வழக்காடி, 2025 ஜூனில் ஒரு சமரசத் தீர்ப்பு வந்தது. அதன்படி ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் வருடத்தில் 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம். நம் பையன் கேட்பது கல்விக் கட்டணம், பஸ் பாஸ், கிழியாத ஒரு ஜோடி பூட்ஸ். அதுவும் எல்லாக் கல்லூரியிலும் கிடைத்துவிடுவதில்லை.

இந்த ஆட்டம் இந்தப் பகுதியில் ஏன் இப்படி வேரூன்றியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெரம்பூரில் ரயில்வே பணிமனை, 1955 முதல் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, கிழக்கே துறைமுகம், வடக்கே மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள். உழைக்கிறவர்களின் ஊர், கிரிக்கெட்டுக்கு வேண்டிய செலவும் நேரமும் கட்டுப்படியாகாது, ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அதைவிட நம்பத் தகுந்ததாகப் படுவது வேறு: கண் முன்னால் வேலை இருந்தது. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், சுங்கத்துறை, ஏஜி ஆபீஸ், வருமான வரித்துறை எல்லாம் சென்னை லீக்கில் அணி வைத்திருந்தன. இந்தியன் வங்கி தேசிய லீக்கிலேயே ஆடியது. சையத் சபீர் பாஷா போன்றவர்கள் அந்தச் சட்டையில் பெயர் எடுத்தவர்கள். நன்றாக ஆடினால் மேஜை நாற்காலியோடு மாதச் சம்பளம் என்பதை எதிர்வீட்டு அண்ணனைப் பார்த்தே தெரிந்துகொண்ட தலைமுறை அது. மைதானத்தில் கோல் அடித்தவன் அடுத்த வருடம் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

வியாசர்பாடிக்குச் செய்தித்தாள்கள் வைத்த பெயர் 'மினி பிரேசில்'. கேட்க நன்றாக இருக்கிறது. வேலைக்கான வாசலாகப் பந்தை உதைக்கும் ஊருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம். அங்கே முல்லை நகர் மைதானத்தில், குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் விளையாட்டையும் படிப்பையும் சேர்த்தே பார்த்துக்கொள்ள உமாபதி, தங்கராஜ் போன்றவர்கள் ஒரு சங்கம் நடத்திவருகிறார்கள். பள்ளியை விட்டு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் பயிற்சியில் அடக்கம். கொடுங்கையூரிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வருகிற பிள்ளைகளுக்கும் அதுதான் பக்கத்து மைதானம்.

அந்தப் பகுதியிலிருந்து கிளம்பியவர்தான் நந்தகுமார் சேகர். 1995 டிசம்பரில் பிறந்த வியாசர்பாடிக்காரர், விங்கர். அவர் சென்னை சீனியர் டிவிஷனில் ஆடியது ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் அணிக்கு. அது ஒரு கல்விக் குழுமத்தின் அணி. கல்லூரி வழியாக லீக், லீக் வழியாகத் தொழில்முறை ஆட்டம் என்ற பாதையை நூல் பிடித்ததுபோல நடந்து காட்டியவர் அவர். 2017 தொடக்கத்தில் ஐ-லீக்கில் புதிதாகச் சேர்ந்த சென்னை சிட்டி அணிக்கு ஆடினார். ஒரே பருவம். அதே வருடம் டெல்லி டைனமோஸ் அழைத்துக்கொண்டது. பிறகு அந்த அணி புவனேஸ்வருக்கு இடம் மாறி ஒடிஷா எஃப்சி ஆனது.

2023 ஏப்ரல் 25, கோழிக்கோடு. சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிஷா 2–1 என்று பெங்களூருவை வென்றது. ஒடிஷாவுக்கு அது முதல் பெரிய கோப்பை. ஜூனில் புவனேஸ்வரில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் நந்தகுமார் இந்தியச் சட்டை போட்டார். முல்லை நகர் மொழியில் சொன்னால், ஃபார்ம் ஒன். அதே கோடையில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அந்த சமயத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் நிலைமை பரிதாபம். 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானுக்கு எதிராக ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. கொல்கத்தாவில் இந்த இரண்டு அணிகளின் மோதல் வீட்டுக்குள்ளேயே சண்டை மூட்டும். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, சால்ட் லேக் மைதானம். இரண்டாம் பாதி. வலப்பக்கம் பந்தை வாங்கிய நந்தகுமார், உள்ளே வெட்டி, இடது காலால் தூரத்துக் கம்பத்தை ஒட்டி வளைத்து அடித்தார். 1–0. அதோடு ஆட்டம் முடிந்தது, நாலரை வருடத்துப் பட்டினியும் முடிந்தது. வியாசர்பாடிப் பையனின் பெயரை வங்காளிகள் தங்கள் உச்சரிப்பில் கத்தினார்கள். 2024 ஜனவரியில் மறுபடி சூப்பர் கோப்பை. குழு ஆட்டத்தில் மோகன் பகானை 3–1 என்று வென்றதில் நந்தகுமாருக்கு ஒரு கோல். ஜனவரி 28 அன்று புவனேஸ்வரில் இறுதி ஆட்டம், எதிரணி அவருடைய பழைய ஒடிஷா. ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோல் அவருடையது. கூடுதல் நேரத்தில் 3–2. பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு தேசியக் கோப்பை. பத்து மாதத்துக்குள் இரண்டு வெவ்வேறு அணிகளோடு ஒரே கோப்பையை இரண்டு முறை வென்றவர் நம் ஊர்க்காரர் என்பது சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உள்ளூர் சட்டையில் ஜெயித்தவர்களும் உண்டு. 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாக ஐஎஸ்எல் பட்டம் வென்றபோது நடுக்களத்தில் நின்றவர் சென்னைப் பையன் தனபால் கணேஷ். கோவாவுக்கு எதிரான அரையிறுதியை 3–0 என்று முடித்ததில் ஒரு கோல் அவருடையது. பிறகு காயங்கள் அவரை விடவில்லை.

தமிழ்நாட்டு ஆண்கள் கால்பந்தின் மறக்க முடியாத சாம்பியன் பருவம் எது என்று என்னைக் கேட்டால், 2018–19 ஐ-லீக்கைத்தான் சொல்வேன். நந்தகுமார் விட்டுப்போன அதே சென்னை சிட்டி, பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடியது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்னால் பெத்ரோ மான்சி என்ற கோல் இயந்திரம், பருவம் முழுக்க 21 கோல். அவரைச் சுற்றி நெய்வேலி எட்வின் சிட்னி வான்ஸ்பால் உட்பட, மாவட்ட லீக்குகளிலும் கல்லூரி மைதானங்களிலும் ஆடி வந்த தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர். கடைசி நாள் 2019 மார்ச் 9. ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி பின்னால், கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப் ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே கோல் போட்டுவிட்டது. மைதானம் அடங்கிப்போனது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் ஒன்று, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு. 3–1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. 43க்கு 42 என்ற கணக்கில் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. இருபது ஆட்டங்களில் பதின்மூன்று வெற்றி. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து பங்கு வாங்கியது. 2020–21க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. சாம்பியன் பருவம் என்பது வங்கி இருப்பைப் போல, எடுத்துக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடும்.

பெண்கள் கதை வேறு. உண்மையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய கோப்பைகளைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2–1 என்று வீழ்த்தி தேசியப் பட்டம், 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2–1 என்று வீழ்த்தி மறுபடியும். ஆண்கள் அணி 2012 சந்தோஷ் கோப்பையின் இறுதிவரை போய் சர்வீசஸிடம் 3–2 என்று தோற்றதோடு நிற்கிறது. பெண்கள் கால்பந்தை வைத்துப் பெரிய நட்சத்திரம் நடித்த 'பிகில்' 2019 தீபாவளிக்கு வந்து நன்றாக ஓடியது. படத்துக்கு வெளியே நடப்பது அத்தனை சீராக இல்லை.

2022 நவம்பரில் வடசென்னையைச் சேர்ந்த 17 வயது வீராங்கனை ஒருவர், கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே, முழங்கால் ஜவ்வுக்கு நடந்த அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலில் முதலில் காலையும், சில நாளில் உயிரையும் இழந்தார். அறுவைசிகிச்சைக்குப் பின் போட்ட கட்டின் இறுக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டதாக அரசே சொன்னது. மருத்துவர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள், குடும்பத்துக்கு உதவி அறிவிக்கப்பட்டது. அதோடு பேச்சு ஓய்ந்தது. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. முழங்கால் ஜவ்வு கிழிவது கால்பந்தில் மிகச் சாதாரணமான காயம். தொழில்முறை வீரருக்கு அணி மருத்துவர், ஸ்கேன், சிறப்பு நிபுணர், மாதக்கணக்கில் பிசியோதெரபி எல்லாம் உண்டு. கல்லூரிச் சட்டையில் ஆடும் பிள்ளைக்கு? வலிக்கிற காலில் ஐஸ் வைத்துக்கொண்டு அடுத்த டிரையல்ஸுக்குப் போவதுதான் வழக்கம், ஏனென்றால் அந்த வருடம் தவறினால் ஃபார்ம் த்ரீ தவறும். கோப்பை வாங்கும் நாளில் மேடையில் ஏறி நிற்கும் கல்லூரி நிர்வாகங்கள், அந்த அணிக்குக் காப்பீடு எடுத்திருக்கின்றனவா என்று பெற்றோர் கேட்கத் தொடங்க வேண்டும்.

சரி, தாளை வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு காலத்தில் வருடா வருடம் ஆள் எடுத்த வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு வீரர்களை எடுப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டன. எடுத்தாலும் கால்பந்துக்கு ஒரு வருடம் இடம் இருக்கும், மூன்று வருடம் இருக்காது. ரயில்வே அறிவிப்புக்காகக் காத்திருக்கும்போது வயது ஏறுகிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல விஷயம், ஆனால் அதில் முன்னுரிமை மேலே உள்ள படிவங்களுக்கு. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கும் பிரிவு இருக்கிறது. குழு ஆட்டத்தில் மாநில அளவில் தங்கம் வென்றால் ஆளுக்கு 75,000 ரூபாய். பல கல்லூரிப் பையன்களுக்கு அவர்கள் வாழ்நாளில் கையில் வாங்கும் முதல் பெரிய தொகை அதுதான். ஆனால் பரிசுப் பணம் ஒரு தடவை வரும். எதிர்வீட்டு அண்ணன் வாங்கியது மாதாமாதம் வந்தது.

பாதையின் அந்தக் கோடி இப்படி என்றால், இந்தக் கோடியில் 2024 அக்டோபர் கடைசியில் ஒரு விஷயம் நடந்தது. சென்னை மாநகராட்சி மன்றம் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைப் பராமரிக்கத் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டது. ஆடுகிறவர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியலில் வியாசர்பாடி முல்லை நகரும் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினம் இரண்டு மணி நேரம், மாதத்துக்கு இருபத்தைந்து நாள் பயிற்சி செய்தால் 6,000 ரூபாய். மூட்டை தூக்கியும் வீட்டுவேலை செய்தும் குடும்பம் நடத்துகிறவர்களின் பிள்ளைகள் ஆடும் மைதானம் அது. எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் மாநகராட்சி பின்வாங்கியது. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை என்று மேயர் அறிவித்தார். மேயரும் வடசென்னைக்காரர்தான், அவருக்குத் தெரியாததல்ல. தீர்மானத்தை எழுதிய கைக்கு மட்டும் முல்லை நகர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது போலும்.

மைதானம் என்று பேச்சு வந்துவிட்டதால் கொடுங்கையூருக்கே வருகிறேன். சென்னைக்காரர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது குப்பைமேடு. நகரத்தின் வடபாதிக் குப்பை பல பத்தாண்டுகளாக இங்கேதான் கொட்டப்படுகிறது. இப்போது பயோமைனிங் முறையில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது. 252 ஏக்கரில் கிடக்கும் 66 லட்சம் டன், செலவு சுமார் 640 கோடி ரூபாய். பக்கத்திலேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். மீட்கப்படும் நிலத்தை என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வதேச அளவில் ஒரு முழு கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெருக்கினால் 7,140 சதுர மீட்டர், ஏக்கரில் ஒன்றே முக்கால். ஓரம் விட்டு, உட்கார நாலு படி கட்டி, ஒரு குடிநீர்க் குழாயும் முதலுதவி அறையும் வைத்தாலும் மூன்று ஏக்கரைத் தாண்டாது. மண் நச்சு நீங்கியிருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும், கீழே வாயு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு வருடங்கள் ஆகலாம். 252இல் மூன்றுக்கு இப்போதே மனுப் போட்டுவைக்கலாம். 120 ரூபாய்த் தீர்மானத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுக்கு மனு எழுதவா தெரியாது?